கிட்டி

(படிப்பக ஆண்டுவிழா ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தோழனே,

கிட்டிப்புள் ஆடியிருப்பாய். தெருப்புழுதியில் குழி பறித்து, குறுக்கே புள்ளை வைத்து, கோலால் எற்றி, எதிர்வீட்டு ஓட்டைப் பெயர்த்து, அதற்காக அப்பாவிடம் நான்கு அடியும் வாங்கியிருப்பாய். நானும் வாங்கியவன்தான். அந்தக் கிட்டி என்னும் சொல்லை ஒருநாள் அகராதியில் தேடினேன். நாடகத்தில் ஒரு சிறுவன் பேசவேண்டிய வரிக்காகத் தேடினேன். விளையாட்டைச் சொன்ன அகராதி அத்துடன் நின்றுவிடவில்லை. குற்றவாளியின் கையையும் காதையும் இடுக்கி நெருக்கும் கருவிக்கும் அதுவே பெயர் என்றது!

இரண்டு கட்டைகள். ஒரு முனையில் கயிற்றால் பிணைத்திருக்கும், மறுமுனை விரிந்திருக்கும். இடையிலே விரல்களை வைப்பார்கள். விரிந்த முனையை அழுத்துவார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மனிதனின் விரலைப் பிழிவார்கள். அவ்வளவுதான் கருவி. கொல்லனும் வேண்டாம், தச்சனும் வேண்டாம். வேலியில் ஒடித்த இரண்டு கொம்பு போதும்.

எந்தக் கொடுங்கோலன் காலத்துக் கருவி இது என்று கேட்பாய். முடியும் செங்கோலும் இருந்த காலத்திலும் இருந்திருக்கும். அரசர் காலமெல்லாம் பொற்காலம் என்று பாடித் திரிய நான் ஆயத்தமாக இல்லை. கழுமரம் நட்ட மண்தான் இது. ஆனால் கிட்டியைப் பற்றிக் கணக்கெடுத்து, சாட்சி கேட்டு, அச்சிட்ட ஏடு இருக்கிறதே, அது கும்பினி ஆட்சிக் காலத்து ஏடு. ஆண்டு 1855. நாகரிகம் கற்றுத்தர வந்ததாகச் சொன்னவர்களின் ஆட்சியிலே, அவர்களுடைய கச்சேரி வாசலிலே, கிட்டி வேலை செய்துகொண்டிருந்தது. கள்வனைப் பிடிக்க மட்டுமா? வரி வாங்க! உழுதவனிடம் கிஸ்தி வாங்க!

அந்தக் கதையைச் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும். ஏனெனில் அது நம் மண்ணின் கதை. நம்மிற் பலருக்கு அது தெரியாது என்பதும் உண்மை. கல்லூரியில் நான் இருந்தவரை எவரும் சொல்லவில்லை. முழுவதும் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

சென்னையிலே கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்றொரு வணிகர் இருந்தார். 1844ல் ‘கிரசென்ட்’ என்ற ஏடு நடத்தத் தொடங்கியவர். 1852ல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவியவர். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னே பிறந்த சங்கம் அது! அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதியது. வரிக்கொடுமை, வழக்குமன்றத்தின் தாமதம், கல்வியில்லாக் குறை எல்லாம் அதில் இருந்தன. 1853ல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை மாளிகை விருந்துக்கு அழைத்துப்போகவில்லை. வண்டியேற்றி ஊர்ப்புறத்துக்கு அழைத்துப்போனார். உழவனைக் காட்டினார், உழவன் உடம்பிலிருந்த தழும்பைக் காட்டினார், தழும்பு உண்டாக்கிய கருவியையும் காட்டினார்.

1854 ஜூலையில் சீமையிலே, நாடாளுமன்றத்திலே, சென்னை மாகாணத்து நிலவரி பற்றி விவாதம் எழுந்தது. வரிக்காகச் சித்திரவதை நடக்கிறது என்றார் சீமோர். கும்பினியின் நண்பர்கள் துள்ளினார்கள். எங்கள் ஆட்சியிலா, ஒருபோதும் இல்லை என்றார்கள். இந்தியாவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தோம், ஒரு நாளும் கேள்விப்படவில்லை என்றார்கள். தோழனே, அந்த வாக்கியத்தை மனத்தில் குறித்துக்கொள்: கேள்விப்படவில்லை. பின்னால் அது மீண்டும் வரும்.

விசாரணைக் குழு அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என மூவர். நார்ட்டன் வழக்கறிஞர், மற்ற இருவரும் அரசு அதிகாரிகள். குழு சென்னைப் பட்டினத்தில் அமர்ந்தது. மாகாணமோ வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை. இரயிலும் கிடையாது. மாட்டுவண்டிக்குக் காசில்லாதவன் நடந்தான். வழிச்சோற்றுக்கு வழியில்லாதவன் ஊரிலேயே நின்றுவிட்டான். அப்படியிருந்தும் சில திங்களுக்குள் வந்து குவிந்த முறையீடுகள் 1,959. எழுதி வந்தவை 1,440. நேரில் வந்து நின்றவர்கள் 519 பேர். நடந்து வந்த 519 பேரை எண்ணிப் பார். திரும்பிப் போனால் அதே தாசில்தார், அதே சேவகன், அதே கிட்டி காத்திருக்கும் என்று தெரிந்தும் வந்தவர்கள். நம் தியாகிகள் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பெயர் தெரிந்தாலல்லவா எழுதுவதற்கு.

அவர்கள் சொன்னவற்றைக் குழு தொகுத்தது. உச்சி வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லேற்றுவது. உண்ணவும் விடாமல், இயற்கைக் கடனுக்கும் விடாமல் அடைத்து வைப்பது. தலையைக் கீழே வளைத்துக் கால் விரலோடு கயிற்றால் கட்டி, குனிந்த நிலையிலேயே மணிக்கணக்கில் நிறுத்துவது. இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர், மாட்டைக் கட்டும் முறைக்கு வைத்த பெயரை மனிதனுக்கும் வைத்தார்கள். ஒருவன் குடுமியை இன்னொருவன் குடுமியோடு முடிவது. மிளகாய்ப்பொடி. கொட்டாங்கச்சிக்குள் வண்டை அடைத்துக் கொப்பூழின்மேல் கவிழ்த்துக் கட்டுவது. பெண்களுக்கு நேர்ந்ததை நான் சொல்லப்போவதில்லை, தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அறிக்கை அதையும் எழுதியிருக்கிறது.

நாடகக்காரன் நான், காட்சியாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். பாத்திரங்கள் என் கற்பனை. நடப்பது அறிக்கையில் உள்ளது.

தாலுகா கச்சேரி. சித்திரை வெயில். தூணில் சாய்ந்து சேவகன். திண்டில் சாய்ந்து தாசில்தார். முற்றத்தில் உழவன்.

“கிஸ்தி எங்கேடா?”

“மழை பொய்த்துப் போச்சுங்க, எசமான். விதைநெல்லும் போச்சு.”

“மழை பொய்த்தது எனக்கும் தெரியும். ஜமாபந்தி பொய்க்குமா? கலெக்டர் துரை கேட்டால் மேகத்தையா கையைக் காட்டுவேன்?”

தாசில்தார் அடி என்று சொல்வதில்லை. சேவகனைப் பார்க்கிறார், அவ்வளவே. சேவகன் கட்டையை எடுக்கிறான். தாசில்தார் வெற்றிலையை எடுக்கிறார்.

இரண்டாம் காட்சி. வீங்கிய விரலோடு உழவன் பத்துக் காதம் நடந்து கலெக்டர் கச்சேரிக்கு வருகிறான். எழுதத் தெரிந்தவனுக்கு இரண்டணா கொடுத்து மனு எழுதுகிறான். மனு உள்ளே போகிறது. துரை மேலோட்டமாகப் பார்க்கிறார். ஓரத்தில் ஒரு வரி எழுதுகிறார். மனு திரும்பி வருகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று வழியில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறான். ‘மனுதாரர் தாசில்தாரிடம் முறையிட்டுக்கொள்ளவும்!’

சிரிக்கிறாய். நானும் முதலில் சிரித்தேன். அது நான் எழுதிய நகைச்சுவையன்று. மனுக்களின்மேல் வழக்கமாக எழுதப்பட்ட குறிப்பே அதுதான் என்று குழு எழுதிவைத்திருக்கிறது. 1816ல் செய்த ஏற்பாட்டின்படி கலெக்டரே குற்ற நீதிபதி. தாசில்தாரே வரி தண்டுபவர், தாசில்தாரே காவலதிகாரி. அடிப்பவனும் அவனே, அடித்தானா என்று விசாரிப்பவனும் அவனே. தப்பித் தவறிக் குற்றம் மெய்ப்பட்டால் கலெக்டர் விதிக்கக்கூடிய தண்டனை ஐம்பது ரூபாய் அபராதம், அல்லது ஒரு மாதச் சிறை. உழவனின் விரலுக்கு விலை ஐம்பது ரூபாய். அதுவும் உழவனுக்கு வராது, சர்க்காருக்குப் போகும்.

குழு என்ன முடிவு சொன்னது? சித்திரவதை உண்டு என்று ஒத்துக்கொண்டது. வரிக்காகவும் உண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் உண்டு என்றது. அந்த அளவுக்கு அந்த மூவரையும் பாராட்டுவேன். அடுத்து ஒன்று சொன்னார்கள்: மக்கள் குறைகூறுவதெல்லாம் சுதேசிச் சேவகர்கள்மேல்தான், துரைமார்மேல் எவருக்கும் மனக்குறை இல்லை என்றார்கள்! கட்டையைப் பிடித்த கறுத்த கை குற்றவாளி. விளைச்சலிற் பாதியளவுக்கு வரி விதித்து, தவணை குறித்து, தவறினால் தொலைத்துவிடுவேன் என்று எழுதிய வெளுத்த கை குற்றமற்றது!

இரண்டாண்டு கழித்து, 1857 செப்டம்பரில், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் என்ற அமெரிக்க ஏட்டில் ஒருவர் இந்த அறிக்கையைக் கையிலெடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினார். அப்போது வடக்கே பெருங்கிளர்ச்சி. வெள்ளையரைக் கொன்றார்களே, காட்டுமிராண்டிகள் என்று லண்டன் ஏடுகள் கதறிக்கொண்டிருந்த நேரம். உங்கள் ஆட்சியின் சொந்த ஏட்டையே படித்துப் பாருங்கள் என்றார் அவர். சென்னை மாகாணத்து உழவனின் வீங்கிய விரலை உலகுக்குக் காட்டிய அந்த எழுத்தாளர் பெயர் கார்ல் மார்க்ஸ். நம் பொதுவுடைமைத் தோழர்களே பலர் இதை அறியார். கேட்டால் சற்று வெட்கப்படுவார்கள், கேட்டுப் பார்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1859ல் சென்னை மாகாணத்தில் காவல் துறை வரித்துறையிலிருந்து பிரிந்தது. 1860ல் தண்டச் சட்டம். அதன் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் வாங்கவோ பொருளை மீட்கவோ துன்புறுத்தினால் ஏழாண்டுவரை சிறை என்றது. பிரிவின் கீழ் எடுத்துக்காட்டுகள் போட்டிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யக் காவலன் சித்திரவதை செய்கிறான், குற்றம். வரிப்பாக்கிக்காக வருவாய் அதிகாரி சித்திரவதை செய்கிறான், குற்றம். சட்டம் எழுதியவர்களுக்கு எவ்வளவு பழகிய காட்சியாக இருந்திருந்தால், எடுத்துக்காட்டு என்றதும் இதுவே நினைவுக்கு வந்திருக்கும்! 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்து அமர்ந்தது. பிரிவின் எண் 120 ஆயிற்று. குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

1872ல் சாட்சியச் சட்டம். காவலதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வழக்குமன்றத்தில் செல்லாது என்றது. ஏன்? எப்படி வாங்கியிருப்பான் என்று சட்டம் செய்த துரைக்கே தெரியும்! ஆனால் அதே சட்டத்தில் ஒரு சின்னச் சன்னலும் வைத்தார்கள், 27ஆம் பிரிவு. அவன் சொன்னதைக் கொண்டு பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அவன் பேச்சு செல்லும். புதுச் சட்டத்திலும் அந்தச் சன்னல் திறந்தே இருக்கிறது. திருட்டு வழக்கில் அடி எதற்காக விழுகிறது என்பது இப்போது புரிகிறதா? ‘எடுத்தாயா’ என்ற கேள்விக்கு அடி குறைவு. ‘எங்கே வைத்தாய்’ என்ற கேள்விக்குத்தான் அதிகம்.

சரி, அடித்தால் உண்மை வருமா? டீக்கடையில் கேட்டுப்பார். ‘இரண்டு தட்டுத் தட்டினால் தானாக வரும்’ என்பார்கள். எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இந்த டீக்கடை இருந்திருக்கிறது. கிரேக்க நாட்டு ஏதென்சில், மக்களாட்சிக்குத் தொட்டில் கட்டிய ஏதென்சில், அடிமையின் சாட்சியத்தை வதைத்து வாங்கினால்தான் ஏற்பார்கள். ரோமாபுரியிலும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் அவர்களிலேயே உல்பியன் என்ற சட்டப் புலவர், இது உறுதியற்றது, ஆபத்தானது என்று எழுதினார். தாங்கும் உடம்புள்ளவன் பொய்யிலேயே நிற்பான், தாங்காதவன் எதை வேண்டுமானாலும் சொல்வான் என்பது அவர் கணக்கு. 1252ல் போப் நான்காம் இன்னசென்ட், சமயத் துரோகிகளை விசாரிக்க வதைக்கலாம் என்று ஆணையே பிறப்பித்தார். அன்பே கடவுள் என்ற சமயத்தின் தலைவர்!

1630ல் இத்தாலியின் மிலான் நகரில் கொள்ளைநோய். ஒரு மழைநாள் காலை, பியாட்சா என்ற நகராட்சி ஊழியர் சுவரோரமாக நடந்து போனார். மழைக்கு ஒதுங்கி நடப்பவன் சுவரோரமாகத்தானே நடப்பான்? சன்னலிலிருந்து பார்த்த ஒரு பெண், சுவரில் நோய்மருந்து பூசிக்கொண்டு போகிறான் என்றாள். பிடித்தார்கள், கட்டித் தூக்கினார்கள். இல்லை, இல்லை என்றார். உயிர்ப்பிச்சை தருகிறோம், கூட்டாளியைச் சொல் என்றார்கள். முடிதிருத்தும் மோராவின் பெயரைச் சொன்னார். மோராவைக் கட்டினார்கள். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன் என்ற நிலைக்கு வந்தார் அவர். மருந்து எப்படிச் செய்தாய் என்றார்கள்; வாயில் வந்த சரக்கையெல்லாம் சொன்னார். இல்லாத மருந்துக்குச் செய்முறை கிடைத்துவிட்டது! இருவரையும் கொன்றார்கள். மோராவின் கடையை இடித்து, அந்த இடத்தில் இழிவுத்தூண் ஒன்றை நட்டார்கள். 148 ஆண்டு நின்று 1778ல் அது விழுந்தது. அதற்குள் அந்நகரிலேயே பிறந்த பெக்கரியா என்ற இளைஞர், இருபத்தாறு வயதில், 1764ல், வதைக்கு எதிராக ஒரு சிறு நூல் எழுதி ஐரோப்பாவையே உலுக்கிவிட்டார். இருபத்தாறு வயது, தோழனே! நாமெல்லாம் அந்த வயதில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

பழங்கதை என்பாய். நகரத்தில் குண்டு வைத்திருக்கிறான், மணி ஓடுகிறது, ஆயிரம் உயிர் போகப்போகிறது, அப்போதும் அடிக்கக்கூடாதா என்பாய். நல்ல நாடகக் காட்சி, நானே எழுதுவேன். ஆனால் நாடகத்தில் பிடிபட்டவன் குண்டு வைத்தவன்தான் என்று எனக்குத் தெரியும், ஏனெனில் அவனை எழுதியவன் நான். காவல் நிலையத்தில் அதை எவர் எழுதி வைத்திருக்கிறார்?

உண்மையில் நடந்ததைக் கேள். 2001ல் இப்னு அல் ஷேக் அல் லிபி என்பவர் பிடிபட்டார். அமெரிக்கர் அவரை எகிப்துக்கு அனுப்பினார்கள். அங்கே வதையின் கீழ், ஈராக் அரசு அல்காயிதாவுக்கு நச்சுப்பொருள் பயிற்சி தந்தது என்றார். 2003 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பவல் அந்தச் செய்தியை எடுத்துப் பேசினார். அடுத்த மாதம் போர். 2004ல் அல் லிபி, அடி தாங்காமல் அவர்கள் கேட்க விரும்பியதைச் சொன்னேன் என்று மறுத்தார். பாக்தாத் அதற்குள் எரிந்து முடிந்திருந்தது. ஓடும் மணியை நிறுத்துவதற்காக அடித்த அடி, ஒரு நாட்டின்மேலேயே குண்டாக விழுந்தது! 2014ல் அமெரிக்க செனட் குழுவே, தங்கள் உளவுத்துறை நடத்திய வதையால் பயனுள்ள செய்தி கிட்டவில்லை என்று அறிக்கை வெளியிட்டது.

ஆனால் ஒன்று. உண்மை வராது என்பதால்தான் கூடாது என்று நான் வாதாடினால், நாளைக்கு ஒருவன் வந்து, உண்மை வருகிற வதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பான். அப்போது என்ன சொல்வேன்? கட்டுண்டவனைக் கட்டாதவன் அடிப்பது எந்தக் கணக்கிலும் வீரமாகாது என்பேன். போர்க்களத்தில் படையிழந்து நின்றவனைத் தாக்காதே என்பது இந்த மண்ணின் அறம். காவல் நிலையத்தில் நிற்பவனிடம் படை ஏது? இடுப்புக்கயிறும் சட்டையும்கூட வாங்கி வைத்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடவேண்டும். சில ஆண்டுக்கு முன் நான் எழுதிய நாடகம் ஒன்றில், கயவன் ஒருவனை இன்ஸ்பெக்டர் கம்பத்தில் கட்டுவார். சட்டைக் கையை மடிப்பார். விளக்கு மங்கும். அலறல். விளக்கு எரியும்போது கயவன் உண்மையைக் கக்கிக்கொண்டிருப்பான். எந்த ஊரில் போட்டாலும் அந்த இடத்தில்தான் கைதட்டல். நம் தோழர்கள் நடத்திய மாநாட்டுப் பந்தலில் சீழ்க்கையே பறந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்று மகிழ்ந்தேன். அந்தக் கைதட்டலை எழுதிக் கொடுத்தவன் நான். தாசில்தாரின் சேவகன் கட்டையை எடுத்தபோது கச்சேரி வாசலிலும் இப்படி நாலுபேர் நின்றுதான் இருப்பார்கள். அந்தக் காட்சியை இப்போது நீக்கிவிட்டேன். நாடகத்துக்கு அழைப்பு குறைந்திருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

நமக்கு அடியின் அருமை தெரியாதா? 1976 ஜனவரி 31ல் நம் ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் நம்மவர் சென்னை மத்தியச் சிறைக்குள் தள்ளப்பட்டனர். பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கம்புகளோடு கொட்டடிக்குள் வந்தார்கள். இளைஞர்கள்மேல் விழ வேண்டிய அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டார் சிட்டிபாபு. சென்னையின் மேயராக இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1977 ஜனவரியில் அவரை இழந்தோம். நீதிபதி இஸ்மாயில் தலைமையில் பின்னர் விசாரணை நடந்தது, அடித்தது வெளிவந்தது. ஆண்டுதோறும் மேடையில் சொல்கிறோம். சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. தழுதழுக்கத்தான் வேண்டும்.

2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையை அடைக்கத் தாமதித்தார்கள் என்று தந்தையையும் மகனையும் கொண்டுபோனார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தனர். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமராவின் பதிவு அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி அமைத்திருந்ததைக் கண்டார். அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதைக் கண்டபடி நடுவரிடம் சொன்னார். சுற்றிலும் சக காவலர்கள். பணி முழுவதும் அவர்களோடு. அப்படியும் சொன்னார். 1855ல் நடந்து வந்த 519 பேருக்கு உறவுக்காரி அவர். அப்போது ஆட்சி மாற்றாருடையது. ஒரு திங்களில் பதினேழு கூட்டம் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது.

2025 ஜூன். சிவகங்கை மாவட்டம், திருப்புவனம். கோயில் காவலாளியாக இருந்த இளைஞன். காரில் வைத்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். கொண்டுபோனார்கள். எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள். இறந்தான். அப்போது ஆட்சி நம்முடையது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போனது, முதலமைச்சரே அந்தத் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அது பெரிய காரியம். கும்பினிக் கவர்னர் எவரும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன்? அந்தத் திங்களில் எனக்கு ஒரு கூட்டமும் இல்லை. எவரும் அழைக்கவில்லை. அழைக்காதது எனக்கும் வசதியாக இருந்தது. கீழே எவனோ சில காவலர் செய்த தவறு, மேலே இருப்பவர்க்கு என்ன தெரியும் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது: 1854ல் நாடாளுமன்றத்தில் கும்பினியின் நண்பர்கள் சொன்ன அதே வாக்கியம். கேள்விப்படவில்லை.

திருப்புவனம் வையைக் கரையில், மதுரைக்கு அருகில் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் நகை காணாமற்போனது புதிதன்று. பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். பாண்டியன் விசாரிக்கவில்லை, அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்றான். 27ஆம் பிரிவு அப்போதே இருந்திருக்கிறது! சிலப்பதிகாரத்தை நாம் நூறு மேடையில் நாடகமாக்கியிருக்கிறோம். கண்ணகி சிலம்பை உடைக்கும் இடத்தில் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். ஆனால் பாண்டியனைச் சற்று எண்ணிப் பார். வாளெடுத்தவன் அவனல்லன்; வெட்டியவன் எவனோ ஒரு காவலன், பெயர்கூடக் காப்பியத்தில் இல்லை. நான் கேள்விப்படவில்லை என்று சொல்லியிருக்கலாம், அந்தக் காவலனைப் பணிநீக்கம் செய்திருக்கலாம். அவன் தன்னையே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே வீழ்ந்தான். இளங்கோ அவனைப் பழிக்கவில்லை என்பதையும் கவனி.

அரியணையில் விழச் சொல்லி எவரையும் நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது ஒரு தீர்மானம்.

சித்திரவதைக்கு எதிரான உலக உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் மன்றம் 1984 டிசம்பரில் ஏற்றது. இந்தியா 1997 அக்டோபரில் கையொப்பமிட்டது. கையொப்பமிட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. 2010ல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவைத் தெரிவுக்குழு அதைத் திருத்தி எழுதியது. 2014ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் மாண்டது. 2017ல் சட்ட ஆணையம் மீண்டும் ஒரு வரைவு தந்தது, அலமாரியில் இருக்கிறது. டெல்லியைக் குறை சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்குத் தெரியும். ஆனால் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சிறையும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநில உரிமை, மாநில உரிமை என்று முழங்குகிற நாம், இந்த உரிமையை மட்டும் ஏன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்?

ஆகவே, நம் வட்டக் கழகத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாள் எழுதியிருக்கிறேன். மூன்று செய்திகள் இருக்கின்றன. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கி, உத்தரவிட்டவரையும் பார்த்தும் தடுக்காதவரையும் அடித்தவரோடு சேர்த்து நிறுத்துகிற சட்டம் நம் சட்டமன்றத்தில் வேண்டும். கைதான நேரத்தை எழுதி உறவினரோ ஊராரோ கையொப்பமிட்ட குறிப்பு, 48 மணிக்கொரு முறை மருத்துவர் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொன்ன நெறிகள், நம் ஊர் நிலையத்தில் நடக்கின்றனவா என்று கழகத்தார் நேரில் போய்க் கேட்கவேண்டும். கேட்கும்போது பிடிபட்டவன் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டுப் போகக்கூடாது. மூன்றாவது, ஆட்சி எவருடையதாயினும் என்ற இரண்டு சொல். வட்டச் செயலாளர் தாளைப் படித்தார். முதல் இரண்டும் சரி, மூன்றாவது எதற்கு, அடித்துவிடலாமே என்றார். அடிக்க மாட்டேன் என்றேன். விதிப்படி கொண்டுவா, பார்க்கலாம் என்றார், நல்ல மனிதர்.

கூட்டம் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, இதே படிப்பகத்தில். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.